மறுசெய்வியும் ஒன்பதாம் விதியும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, முனைவர் பொற்செல்வி பொய்யர் என்று மறுசெய்வி அறிவித்தது. பல்கலைக்கழக வாசலில் இருந்த பெரிய திரையில் நூற்று எழுபத்தோராவது பெயராக அவள் பெயர் ஏறியது. நுண்ணுயிரியல் துறை, இணைப் பேராசிரியர், ஆய்வுத் தலைப்பு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு சொல்: பொய். திரைக்குக் கீழே பஸ்ஸுக்காக நின்றிருந்த மாணவர்கள் அதைப் படித்தார்கள். பிறகு பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள்.

பொற்செல்விக்குக் காது சுட்டது. பதினோரு வருட உழைப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவு ஊறிய மண்ணிலிருந்து அவள் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, தண்ணீரில் கலந்த நச்சுக் குரோமியத்தைப் பதினெட்டு மணி நேரத்தில் தீங்கில்லாத வடிவத்துக்கு மாற்றியது. அவளே கண்ணால் பார்த்தாள், ஒருமுறை அல்ல, அறுபது முறை. மேல்வேலங்குப்பத்தில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. அங்கே சுத்திகரிப்புத் தொட்டி கட்டி முடித்து, மறுசெய்வியின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அந்த வார்த்தைதான் இப்போது வந்திருக்கிறது.

மறுசெய்வி பழைய கலையரங்கத்தில் இருந்தது. மேடை இருந்த இடத்திலிருந்து கடைசி வரிசை வரை நாற்பது இயந்திரக் கைகள், குடுவைகள், உலைகள், அளவிகள். அறிவியல் துறைகளிலிருந்து எந்தக் கட்டுரை போனாலும் அதன் செய்முறைப் பகுதியை வரிவரியாகப் படிக்கும். எழுதியிருப்பதை எழுதியபடியே ஐந்து முறை செய்யும். சொன்ன முடிவு வந்தால் மெய், வராவிட்டால் பொய். நடுவில் எதுவும் கிடையாது.

அது வருவதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தைச் சொன்னால் நாக்கு கூசும். வேதியியலில் ஒருவர் ஒரே படத்தைத் திருப்பிப் போட்டும் தலைகீழாகப் போட்டும் ஆறு கட்டுரை எழுதினார். விலங்கியலில் ஒருவர், செத்துப்போன எலிகளின் எடை கூடிக்கொண்டே போவதாக அட்டவணை கொடுத்தார். அதற்கு விருதும் வாங்கினார். ஒவ்வொரு மார்ச் மாதமும் துறைவாரியாக ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று வழவழ தாளில் வரும். அதில் பாதி கற்பனை என்று அச்சகத்துக்காரருக்குக்கூடத் தெரியும்.

அதனால்தான் மறுசெய்வியை வாங்கியபோது முதலில் கைதட்டியவள் பொற்செல்வி. விதிக் குழுவில் தானாகவே போய் உட்கார்ந்தாள். பொய்ப் பட்டியலில் ஏறுகிறவருக்கு மூன்று வருடம் ஆய்வு கிடையாது, பாடம் மட்டும் நடத்தலாம் என்பது எட்டாம் விதி. அது போதாது என்று சண்டை போட்டு ஒன்பதாம் விதியை எழுதியவள் அவள்தான். செய்முறையில் எழுதியது ஒன்று, செய்தது வேறொன்று என்று நிரூபணமானால் பணிநீக்கம். "வேண்டுமென்றே" என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாமே என்று ஒரு முதியவர் கெஞ்சினார். பொற்செல்வி மறுத்தாள். அந்தச் சொல்லைப் போட்டால் எல்லாத் திருடனும் அதன் பின்னால் ஒளிந்துகொள்வான் என்றாள். அதற்குப் பதிலாக "காரணம் எதுவாயினும்" என்று தன் கையாலேயே எழுதினாள்.

இப்போது அவள் நேராகக் கலையரங்கத்துக்குப் போய், மறுசெய்வியின் பதிவுகளை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அவள் எழுதிய அளவு, எழுதிய வெப்பம், எழுதிய நேரம். பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஆனால் குரோமியத்தைத் தொடவில்லை.

தன் ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்து பார்த்தாள். வரவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, நான்காம் முறை. ஐந்தாவது நாள், வராத முடிவைப் பார்த்தபடி, ஒருவேளை நாமும் அந்த எலிக்காரரைப் போலத்தானோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே ஆத்திரம் பொங்கியது. முன்பு வந்தது, இப்போது வரவில்லை. நடுவில் என்ன மாறியது? புதிய கட்டடம், புதிய குளிர்சாதனம், புதிய கருவிகள். பிறகு ஒரு ஆள்.

ஞானப்பிரகாசம். இருபத்தாறு வருடம் அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். குடுவை கழுவுவது, ஊட்டக் கரைசல் தயாரிப்பது, உலையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. மறுசெய்வி வந்ததும் கைவேலைக்கு ஆள் தேவையில்லை என்று நாற்பத்தாறு உதவியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோப்பிலும் பொற்செல்வியின் கையெழுத்து இருந்தது.

அவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேட்டரிக் கடையில் வேலை செய்தார். பொற்செல்வி போனபோது கடையின் பக்கச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, ஏசிக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டார்.

"வாங்க மேடம். இன்னா இவ்ளோ தூரம்?"

"அது என்ன தண்ணி?"

"பேட்டரிக்கு ஊத்தறது. காய்ச்சி வடிச்ச தண்ணி கேன் கேனா வாங்கினா கட்டுப்படி ஆவாது. எல்லாக் கடையிலயும் இதான். இதுவும் சுத்தமான தண்ணிதானே, உப்பு கிடையாது."

பொற்செல்வி கேனையே பார்த்தாள். ஏசிக்குள் செப்புக் குழாய்கள். அதன்மேல் பனித்து, வழிந்து, சொட்டுகிற தண்ணீர். சில பாக்டீரியாக்களின் நொதிகளைத் துளி செம்பு தட்டி எழுப்பும் என்று முதலாண்டு மாணவர்களுக்கு அவளே பாடம் நடத்தியிருக்கிறாள்.

"நம்ம லேப்ல எந்தத் தண்ணியில ஊட்டக் கரைசல் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"இதேதான். தண்ணி காய்ச்சி வடிக்கிற வடிகலன் வெடிச்சுப் போச்சே, ஞாபகம் இல்லையா? அதுல இருந்து நம்ம ரூம் ஏசித் தண்ணிதான்."

"எத்தனை வருஷமா?"

"பத்து இருக்கும்."

அவளுக்கு வந்த கோபத்தில் தெரு மறைந்தது. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் காய்ச்சி வடித்த நீர்னு அச்சுல போட்டுருக்கேன். உலகம் பூராப் படிச்சிருக்கான். நீங்க பாட்டுக்கு எதையோ பிடிச்சு ஊத்திக்கிட்டு..."

ஞானப்பிரகாசம் கேனைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது.

"சொன்னேன் மேடம். வடிகலன் வேணும்னு ஏழு தபா எழுதிக் குடுத்தேன். ஏழுலயும் 'பிறகு பார்க்கலாம்'னு நீங்கதான் எழுதினீங்க. ஏசித் தண்ணிய வெச்சு ஓட்டறேன்னு ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன். நீங்க கம்ப்யூட்டர்ல இருந்து தலையத் தூக்காம, அதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட், வேலை நடந்தா சரின்னீங்க. வேலை நடந்துச்சு."

அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனால் அந்த வாக்கியம் தன்னுடையதுதான் என்று நன்றாகத் தெரிந்தது. பதினோரு வருடத்தில் ஒருமுறையாவது எழுந்து போய், அந்தப் பாட்டிலில் இருப்பது என்ன என்று பார்த்தாளா? இங்கே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் யாரும் பார்ப்பதில்லை. ஊற்றுவது ஒருவர், எழுதுவது இன்னொருவர். இடையில் இருக்கும் நான்கு அடித் தூரத்தை நடந்து கடப்பது மரியாதைக் குறைவு என்பது இந்த ஊர்ப் பழக்கம்.

"இதனால எனக்கு எதுனா பிரச்சினை வருமா மேடம்?"

"உங்களுக்கு என்ன வரும்? உங்களைத்தான் முன்னாடியே அனுப்பிட்டோமே," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் பதிவாளர் கோதண்டராமனின் அறையில் உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் ஏறியவர்கள் ஒரே ஒருமுறை செய்முறையைத் திருத்தி மறுபடியும் தரலாம். திருத்தத்தை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மேடம், இதைக் குடுக்கணுமா? பட்டியல்ல பேர் இருந்தா என்ன, நூத்தி எழுபது பேர் இருக்காங்க. பாடம் எடுக்கறாங்க, சம்பளம் வருது, டீ குடிக்கறாங்க. இதைக் குடுத்தீங்கன்னா எழுதினது வேற, செஞ்சது வேறன்னு நீங்களே ஒத்துக்கற மாதிரி. ஒன்பதாம் விதி இருக்கு. எழுதினது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

"அப்ப மேல்வேலங்குப்பம்?"

"அவங்க இத்தனை நாள் எப்படி இருந்தாங்களோ அப்படி இருப்பாங்க."

அந்தப் பதில்தான் அவளை முடிவெடுக்க வைத்தது. தாளை அவர் பக்கம் தள்ளினாள். முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயராக ஞானப்பிரகாசத்தின் பெயரையும் சேர்த்திருந்தாள். பட்டம் இல்லாதவர் ஆசிரியராக முடியாது என்று பதிவாளர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். அதுவும் விதிதான், நல்லவேளையாக அது இவள் எழுதியது இல்லை.

மறுசெய்வி மூன்று நாள் எடுத்துக்கொண்டது. பழைய ஏசி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதன் குழாயில் சொட்டிய தண்ணீரை ஒரு இயந்திரக் கை அவ்வளவு கவனமாகப் பிடித்தது, பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஐந்து குடுவையிலும் குரோமியம் மாறியது. வெள்ளிக்கிழமை காலை வாசல் திரையில் பச்சை எழுத்தில் மெய் என்று வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பணிநீக்க ஆணை வந்தது. "காரணம் எதுவாயினும்" என்ற அவளுடைய சொற்கள் ஆணையின் நடுவில் தடித்த எழுத்தில் இருந்தன. அவற்றைத் திட்டக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

தொட்டி இயங்கத் தொடங்கியது. மேல்வேலங்குப்பத்தில் தண்ணீர் தெளிந்தது என்று செய்தி போட்டார்கள். கண்டுபிடித்தது நுண்ணுயிரியல் துறை என்று போட்டார்கள். பணிநீக்கம் ஆனவர் பெயரை அச்சிடக் கூடாதாம். பொற்செல்வி ஒரு தனிப்பயிற்சி மையத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செல்லின் படம் வரையக் கற்றுக்கொடுத்தாள். வேலை கேட்டு அவள் எழுதிய எல்லாக் கல்லூரிகளும் ஒன்பதாம் விதி என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் பதில் போடுவதை நிறுத்தின.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இயற்பியல் துறை முனைவர் இத்ரீஸ் வீடு தேடி வந்தார். பட்டியலில் அறுபத்து மூன்றாவது பெயர். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் மெல்லிய படலம் ஒன்றைச் செய்தவர். விலை பாதியாகக் குறையும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் பேசிய படலம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கும் தெரிஞ்சு போச்சு மேடம். எங்க லேப்ல உதவியாளரா இருந்த சரசக்கா கண்ணாடித் தகட்டைத் துணி சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்காங்க. நான் அசிட்டோன்னு எழுதியிருக்கேன். சோப்புத்தூள்ல இருக்கற சோடியம் தகட்டுல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதாலதான் படலம் அவ்வளவு நல்லா வந்திருக்கு."

"உறுதியா?"

"வீட்டுலயே சின்னதா செஞ்சு பார்த்துட்டேன். வருது." அவர் தொண்டையைச் செருமினார். "வேதியியல்ல ரெண்டு பேருக்கும் அவங்க அவங்க காரணம் தெரிஞ்சிருச்சு. தாவரவியல்லயும் ஒருத்தர். எல்லாரும் பழைய உதவியாளருங்களைத் தேடிப்பிடிச்சுக் கேட்டுட்டோம். ஆனா யாரும் திருத்திக் குடுக்கல. எனக்கு இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் இருக்கு மேடம். நீங்க சொல்லுங்க. குடுக்கட்டுமா?"

பொற்செல்விக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை உண்மை கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசல் திரையில் பொய்யர்களாக நிம்மதியாக நிற்கிறார்கள். பொய்யைப் பிடிக்க வாங்கிய இயந்திரம். அதற்குப் பயந்து உண்மையை மறைக்கிற விஞ்ஞானிகள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். காலையில் சவரம் செய்யாத, பயந்த முகம். நாளைக்கு இவரும் எங்காவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளி விலகலைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அவரை அங்கே அனுப்பப்போவது யார்? கோதண்டராமன் இல்லை, மறுசெய்வி இல்லை. அவள் எழுதிய ஒரு வரி.

"வேண்டாம் சார். குடுக்காதீங்க."

இத்ரீஸ் பெருமூச்சு விட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"நானும் அதான் நெனச்சேன் மேடம். மூணு வருஷத் தடை பிப்ரவரியோட முடியுது. இந்த வருஷத் தொகுப்புக்கு, உப்பு வெந்நீர்ல எவ்வளவு சீக்கிரம் கரையுதுன்னு ஒண்ணு எழுதியிருக்கேன். எல்லாத் துறையிலயும் இப்ப அப்படித்தான் எழுதறாங்க. எல்லாமே மெய்னு வரும்."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பொற்செல்வி கதவைப் படாரென்று சாத்தினாள்.