ஷீட் உரித்த அடுக்கு

குடிதண்ணீர்க் கேன் காலி. காலையில் மூடி திறந்த இருபது லிட்டர், மதியத்துக்குள் அடிவரை காய்ந்து கிடந்தது. குடோனில் அதுவரை இருந்தது அவனும் தோல் அடுக்குகளும்தான். "திருட்டுப் பசங்க" என்று வராத லோடுமேன்களைத் திட்டிக்கொண்டே கேனை உதைத்தான் பொறுப்பாளன். எது நடந்தாலும் திட்ட ஓர் ஆள் வேண்டும் அவனுக்கு.

முதலாளிக்குத் தூரத்து உறவு என்ற ஒரே தகுதியில் சாவிக்கொத்தைப் பிடித்தவன். பாதி பதனிட்ட நீலத்தோல் ஈரம் குறையாமல் கப்பலேற வேண்டும், ஒருமுறை காய்ந்து விறைத்தால் பழைய பதம் திரும்பாது என்பது குடோன் பூனைக்குக்கூடத் தெரியும். இந்தப் பெரிய மனுஷனுக்குத் தெரியாது. போன வாரம் அடுக்குகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை உரித்து, ஒழுகும் தன் வீட்டுக் கூரைக்குக் கொண்டுபோய்விட்டான்.

"மாமா, காத்து பட்டா ஓரம் காஞ்சிடும்" என்று பேக்கிங் பார்க்கும் மச்சான், அவன் மனைவியின் தம்பி, அன்றே சொன்னான்.

"செத்த மாட்டுக்குப் போர்வை வேணுமாக்கும். நீயெல்லாம் தேற மாட்டே, போடா."

எவரைப் பார்த்தாலும் அதே பேச்சுதான்.

இன்று நாலு மணிக்குச் சரக்கு பார்க்கிற அதிகாரி வருகிறார். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். ஈரம் கசிந்தால் கப்பல், கசியாவிட்டால் இவன் வேலை போச்சு. மதியம் வந்த மச்சானைப் புது ஷீட் வாங்க விரட்டிவிட்டு, செய்வதை யாரும் பார்க்கக்கூடாதென்று ஷட்டரை உள்ளிருந்து பூட்டி, அடுக்குகள்மேல் ஹோஸைத் திருப்பினான்.

தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டப் டப்பென்று சத்தமிட, புளிப்பும் துருவும் கலந்த வாடை தொண்டையில் இறங்க, மேலே இருந்த ஒற்றைக் கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சத்தில் அந்த வெளிறிய நீல ஓரங்களைக் கால் மணி நேரம் நனைத்துக்கொண்டே நின்றான். தரையில் ஒரு சொட்டு விழவில்லை. ஹோஸ் இருமியது. தொட்டியும் காலி. அப்போதுதான் கேட்டது, அடி அடுக்கிலிருந்து, டம்ளரின் கடைசி மிச்சத்தை யாரோ உறிஞ்சுகிற சத்தம்.

"எலி" என்றான் உரக்க. குரல் கரகரத்தது. பயம்தான். ஒப்புக்கொள்கிற ஆளா அவன்.

துப்பப் பார்த்தான். எச்சில் இல்லை.

ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். குளிர்ந்த ஈரம் பொங்கி வந்தது. பிழைத்தோம் என்று சிரித்தான் அந்தச் சாமர்த்தியசாலி. சிரித்ததில் உதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை.

விரலை எடுக்க முடியவில்லை.

இழுத்தான். வந்தது. நகத்தைச் சுற்றிச் சுருங்கி, சுள்ளி மாதிரி. மணிக்கட்டுவரை அப்படியே.

ஓடினான். முழங்கால் மடங்கவில்லை. சாவிக்கொத்து கையில். பூட்டு எட்டடி தூரத்தில். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மச்சானைக் கூப்பிட வாய் திறந்தான். காற்றுகூட வரவில்லை. பிடரியில் ஏதோ பட்டது. மெத்தென்று. ஈரமாக. அடுக்கின் பக்கம் இழுத்தது. இமை மூட வரவில்லை.

உறிஞ்சும் சத்தம்.

நிதானமாக.

நாலு மணிக்கு ஷட்டரை நெம்பித் திறந்தார்கள். வெளிச்சம் அவன் கண்ணில் குத்தியது. எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"மாமாவைக் காணோம் சார். நீங்க பாருங்க."

அதிகாரி ஒவ்வோர் அடுக்காக அழுத்திக்கொண்டு வந்தார். "ஈரம் அருமையா இருக்கே."

கடைசி அடுக்கின் உச்சிக்கு வந்தார். கட்டைவிரல் நெஞ்சில் இறங்கியது. அழ நினைத்தான். அழக் கண்ணில் தண்ணீர் வேண்டுமே.

"இது ஒண்ணு மட்டும் கட்டையா விறைச்சுப் போச்சு. தேறாது. வெளியே போடுப்பா."

"சரி சார்" என்று மச்சான் ஓரத்தைப் பிடித்து உருவினான். உருவியதும் சாவிக்கொத்து குலுங்கியது. அந்த ஓரத்தில் ஐந்து நகங்கள் இருந்தன.