அண்ணை பிடித்துக் கொடுத்த வக்கீல்!

டெலிபோன் அடித்தது.

எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒருவன் தரையில் கிடந்தான். எடுக்கவில்லை... இனி எப்போதுமே எடுக்க மாட்டான்!

பெயர் அருட்பிரகாசம். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் போட்டோ பிடிக்கிறவன். கல்யாணத்துக்குப் படமும் எடுப்பான், கள்ளப் பாஸ்போர்ட்டில் தலையும் மாற்றுவான். இரண்டாவதில்தான் பிழைப்பு ஓடியது.

1986, அக்டோபர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அங்கே ரூ பஜோல் தெருவில் ஒரு தமிழ் மளிகைக் கடை. அதன் பின்னறை.

கடையில் வேலை பார்க்கும் தவரத்தினம் கதவைத் திறந்தான். கையிலிருந்த வெங்காய மூட்டை நழுவி விழுந்தது.

"ஐயோ... அண்ணை!"

பிணத்தின் பக்கத்தில் நின்றவர் இராஜதுரை. கடை முதலாளி. தவரத்தினத்துக்கு வேலை கொடுத்தவர், படுக்க இடம் கொடுத்தவர். போன மாதம் அவன் மனைவி பூரணியை யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸுக்கு வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவனுக்கு அவர் முதலாளி இல்லை, தகப்பன் மாதிரி.

"கத்தாதை தம்பி! கள்ளப் பாஸ்போர்ட் அலுவலைப் பொலிசிலை சொல்லப்போறன் எண்டவன். கோவத்திலை தள்ளினனான்... மேசைக் கரை தலையிலை பட்டிட்டுது. சத்தியமா வேணுமெண்டு செய்யேல்லை!"

"ஆம்புலன்சைக் கூப்பிடுவம்..."

"ஆள் முடிஞ்சுது. இனி இருக்கிற ஆக்களைப் பாப்பம்." இராஜதுரை அவன் தோளில் கை வைத்தார். "நான் உள்ளை போனா பூரணியின்ரை அகதி விண்ணப்பத்தை ஆர் பாக்கிறது? அடுத்த பிளேனிலை திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்!"

தவரத்தினம் கதவைச் சாத்தினான்.

"நீ தள்ளினனி எண்டு சொல்லு. வாய்த் தர்க்கம், தள்ளினன், விழுந்திட்டான். விபத்து! ரெண்டு வருசத்திலை வந்திடுவாய். பாரிஸிலையே நல்ல லோயராப் பிடிச்சுத் தாறன். பூரணி வில்லியே லே பெல்லிலை எங்கடை வீட்டிலை இருக்கட்டும், என்ரை சொந்தத் தங்கச்சி மாதிரி. என்ன சொல்லுறாய்?"

செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று இருக்கிறதே... பாழாய்ப்போன கடன்!

"ஓம் அண்ணை."

"கால் மணித்தியாலம் கழிச்சுப் பொலிசுக்குப் போன் அடி."

இராஜதுரை கிளம்பினார். போகும்போது மூலையிலிருந்த ஓர் அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டார். சாக்கு சிறியதுதான், ஆனால் தூக்கியவர் தோள் சாய்ந்தது. கலங்கிய கண்ணோடு நின்ற தவரத்தினம் அதைக் கவனிக்கவில்லை.

* * *

போலீஸ் காவலில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வக்கீலுக்கு இடமில்லை, சட்டம் அப்படி. தவரத்தினம் பாடம் பண்ணியதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

மூன்றாம் நாள் விசாரணை நீதிபதி முன் நிறுத்தினார்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது.

கொலை! விபத்து என்ற சொல்லையே காணோம்.

அன்று மாலையே ஃப்ளெரி சிறை.

இராஜதுரை சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஏறினார். அங்கே மெத்ர் கபிரியேல் (வக்கீலுக்குப் பிரெஞ்சில் அப்படித்தான் மரியாதை). பாண்டிச்சேரிக்காரர், ஐம்பது வயது, பாரிஸில் இருபது வருஷமாகக் கறுப்பு அங்கி போடுகிறவர்.

"பாரிஸிலையே நல்ல லோயர் நீங்கள்தானாம். ஊரெல்லாம் விசாரிச்சுத்தான் வந்தனான்."

"விசாரிச்சு வர்றது நல்லதுதாங்க." கபிரியேல் சிரித்தார். "யாரு உள்ள இருக்கறது?"

"என்ரை கடைப் பெடியன், தவரத்தினம். குற்றத்தை அவன் ஒப்புக்கொள்ளுவான். நீங்கள் கனக்கக் கிண்ட வேண்டாம். கெதியா முடிச்சு விடுங்கோ."

கவர் மேசைமேல் விழுந்தது. தடிமனான கவர். கபிரியேல் முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை. எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டார்.

"ரசீது என்ரை பேரிலை எழுதுங்கோ."

"காசு யார் குடுத்தாலும் ரசீது கட்சிக்காரர் பேர்லதாங்க. த... வ... ரத்தினம். எழுத்து சரிதானுங்களே?"

"எதையாவது போடுங்கோ. அலுவல் நடந்தாச் சரி!"

* * *

ஃப்ளெரி. வக்கீல்கள் சந்திக்கும் சின்ன அறை. நடுவில் ஒரு மேசை.

"மருத்துவர் அறிக்கை வந்திருக்கு தம்பி. சொல்லட்டுமா? பின்மண்டையில மூணு அடி. உருண்டையா, கனமா, கல்லு மாதிரி ஒரு சாமான்."

"மூண்டோ?!"

"மூணு. தள்ளிவிட்டா ஒருத்தன் மூணு தடவையா விழுவான்?"

தவரத்தினம் மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

மேசைக் கரை என்றாரே... சத்தியம் பண்ணினாரே! அண்ணை என்னிடம் பொய் சொல்லிவிட்டாரா? என்னிடமா?

"இதுக்கு ரெண்டு வருஷம் இல்லீங்க. இருபது! எதால அடிச்சீங்க, எங்க போட்டீங்கன்னு ஜூஜ், அதான் நீதிபதி, கேக்கறார். என்ன சொல்லப்போறீங்க?"

"ஞாபகம் இல்லை, ஐயா."

"தெரியாததை எப்படி ஞாபகம் வச்சுக்க முடியும்?" கபிரியேல் குரலைத் தணித்தார். "யாரையோ காப்பாத்தறீங்க. சொல்லுங்க. நீங்க சொல்றது என்னோடயே இருக்கும். சட்டம் அப்படி."

தவரத்தினம் சிரித்தான். அழுகிறவன் சிரிப்பு.

"உங்களை ஆர் பிடிச்சது? அண்ணை. ஆற்றை காசு? அண்ணையின்ரை காசு. நான் இஞ்சை வாய் திறந்தா வில்லியே லே பெல்லிலை கேக்கும். பூரணி அங்கைதான் இருக்கிறாள்!"

கபிரியேல் பையிலிருந்து ரசீது நகலை எடுத்து நீட்டினார்.

"இதுல யார் பேர்?"

"பேப்பரிலை எதையும் எழுதலாம், ஐயா."

நியாயமான பதில்தான். கபிரியேல் ரசீதை மடித்துப் பையில் வைத்தார்.

"சரி. உங்க மனைவி அந்த வீட்டை விட்டு வெளிய வந்துட்டா?"

தவரத்தினம் நிமிர்ந்தான். கண் பதில் சொல்லிவிட்டது.

* * *

அடுத்த வாரம். இராஜதுரை மறுபடியும் மாடி ஏறினார். மூச்சு வாங்கியது, ஏறியதால் மட்டும் இல்லை.

"பொலிஸ் நாலு தரம் கடைக்கு வந்திட்டுது! எதாலை அடிச்சவன், எங்கை போட்டவன் எண்டு கேள்விக்கு மேலை கேள்வி. அவன் பேயன் ஞாபகம் இல்லை எண்டு நிக்கிறானாம். இந்தக் கடிதத் துண்டை அவனிட்டைக் குடுத்துவிடுங்கோ."

"நான் தபால்காரன் இல்லீங்க. தெரிஞ்சா என் அங்கியைக் கழட்டிடுவாங்க."

"அப்ப தபாலிலையே போடுறன்."

"சிறைக்குப் போற கடிதத்தையெல்லாம் ஜூஜ் பிரிச்சுப் பாப்பார். சொல்லிட்டேன்."

இராஜதுரை வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாக்கட்டும்! தமிழிலை எழுதினா அந்தாளுக்கு முறுக்குப் பிழிஞ்சு வச்ச மாதிரித்தான் தெரியும்!"

கபிரியேல் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க இஷ்டம். அப்புறம், பூரணிக்குச் சிறையில பாக்க அனுமதி வாங்கணும். செவ்வாய்க்கிழமை பலே தெ ஜூஸ்தீஸ் கோர்ட்டுக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அன்னிக்குத் தவரத்தினத்தையும் விசாரணைக்குக் கொண்டு வர்றாங்க."

"நல்லது! அவளைக் கண்டா பெடியன் ஒழுங்கா நிப்பான்." இராஜதுரை எழுந்தார். "காசு குடுத்துப் பிடிச்ச லோயர் எண்டாச் சும்மாவோ!"

* * *

செவ்வாய்க்கிழமை. விசாரணை நீதிபதியின் அறை.

தவரத்தினத்தின் கைவிலங்கைக் கழற்றினார்கள். பக்கத்தில் கபிரியேல். எதிரில் நீதிபதி. அவருக்கு அருகில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், மரி-லூயிஸ். பாண்டிச்சேரியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். இப்போது நீதிமன்றத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

முறுக்கை வாசிக்க ஆள் இருந்தது!

"உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்குங்க. ஜூஜ் நிறுத்தி வச்சு, என்னை மொழிபெயர்க்கச் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டார்," என்றார் மரி-லூயிஸ். "இப்ப உங்களுக்கும் படிக்கச் சொல்றார்."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"'அன்புள்ள தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல்...'"

கொலைக்குப் பாடம் எடுக்கிற கடிதத்திலும் நலமறிய ஆவல்!

"'...அம்மிக் குழவியாலை மூண்டு தரம் அடிச்சனான் எண்டு சொல்லு. கடையிலை கிடந்த குழவி. அரிசிச் சாக்கிலை சுத்திச் சென் மர்த்தேன் கால்வாயிலை, ரெண்டாவது இரும்புப் பாலத்துக்குக் கீழை போட்டனான் எண்டு சொல்லு. நல்லாப் பாடமாக்கு. பூரணி எங்களோடை இருக்கிறாள் எண்டதை மறந்திடாதை. அவள் பிரான்சிலை இருக்கிறதும் திரும்பிப் போறதும் உன்ரை வாயிலைதான் கிடக்கு. வாசிச்ச உடனை கிழிச்சுப் போடு. இப்படிக்கு, உன் அன்பு அண்ணை.'"

மரி-லூயிஸ் கடிதத்தை மடித்து வைத்தார்.

தவரத்தினம் மேசையைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு தோலை உரித்த மாதிரி இருந்தது. தங்கச்சி மாதிரி என்றவர்... அவளைப் பணயமாக வைத்திருக்கிறார்!

நீதிபதி ஏதோ சொன்னார். மரி-லூயிஸ் தமிழில் சொன்னார்.

"கால்வாயில நேத்து ஆள் இறங்கித் தேடினாங்க. குழவி கிடைச்சுது, சாக்கோட. நீங்க சிறைக்குள்ள இருக்கீங்க. போட்ட இடம் இன்னொருத்தருக்குத் தெரியுது. ஆனா கடிதத்துல பேர் இல்லை. லா ஷப்பேல்ல பாதிப் பேர் அண்ணைதான். இது எந்த அண்ணை?"

தவரத்தினம் கபிரியேலைத் திரும்பிப் பார்த்தான்.

பூரணி...

கபிரியேல் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே நடைபாதைப் பெஞ்சில் பூரணி. அவள் பக்கத்தில் இராஜதுரை, காலுக்குமேல் கால் போட்டபடி.

"நீங்க மட்டும் உள்ள வாங்கம்மா. அனுமதித் தாள்ல கையெழுத்துப் போடணும்."

அவள் வந்தாள். கதவு சாத்தப்பட்டது.

"தம்பி, இவங்க இனிமே அந்த வீட்டுக்குப் போக வேணாம். ஆர்ஜொந்தெய்ல என் தங்கச்சி ஆலீஸ் வீட்டுல அறை தயாரா இருக்கு. அகதி விண்ணப்பத்தையும் நானே பாக்கறேன். இப்பவாவது நம்புவீங்களா, நான் யார் வக்கீல்னு?"

பூரணி கணவனைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள்.

"அவர் என்னைக் கடைத்தெருவுக்கும் விடேல்லை. உங்களுக்குக் கடிதம் எழுதவும் விடேல்லை. நீங்கள் ஆளை அடிச்சுக் கொன்றது உண்மை எண்டு தினமும் சொன்னவர்." அவள் அவன் கையைப் பிடித்தாள். "நான் நம்பேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ."

தவரத்தினம் கதவைக் கை காட்டினான்.

"வெளியிலை பெஞ்சிலை இருக்கிறாரே... அவர்தான் என்ரை அண்ணை! தகப்பன் மாதிரி நினைச்சன், ஐயா. மூண்டு அடியும் அருட்பிரகாசத்துக்கு மட்டும் விழேல்லை."

முதலில் பொய் சொன்னதற்கு நீதிபதி அவனை ஒரு பாட்டம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு விடுதலைத் தாளைத் தேடினார்.

* * *

நடைபாதை.

இராஜதுரை கொட்டாவி விட்டார். வாய் மூடுவதற்குள் கையில் விலங்கு!

"என்ன இது? என்னை ஆரெண்டு நினைச்சியள்?"

"கொலைகாரர்னு நினைக்கறாங்க," என்றார் மரி-லூயிஸ், கடமை தவறாமல் மொழிபெயர்த்து.

"என்ரை லோயரைக் கூப்பிடுங்கோ! மெத்ர் கபிரியேல்! ஓடி வாங்கோ!"

கபிரியேல் ஓடி வரவில்லை. நடந்தே வந்தார்.

"மன்னிக்கணுங்க. உங்களுக்கு நான் வாதாட முடியாது. நீங்க என் கட்சிக்காரருக்கு எதிராளி."

"உன்ரை கட்சிக்காரன் நான்தானேடா! காசு குடுத்தது நான்!"

"குடுத்தீங்க. அதுக்குத்தான் நல்லாக் கிண்டினேன்."

"அப்ப எனக்கு ஆர் லோயர்?"

"அரசாங்கம் இலவசமா ஒருத்தரைத் தரும். இன்னிக்கு யார் முறைன்னு கேட்டுச் சொல்லட்டுமா?"

இராஜதுரையின் கண் சிவந்தது.

"ஊரெல்லாம் விசாரிச்சுப் பிடிச்சனே... பாரிஸிலையே நல்ல லோயர் எண்டு சொன்னாங்களே!"

கபிரியேல் அங்கியை உதறிச் சரி செய்துகொண்டார்.

"ஊர் பொய் சொல்லலீங்க. நல்ல வக்கீல்தான்... ரசீதுலதான் உங்க பேர் இல்லே!"