இரண்டு அங்குல மூச்சு

"மூச்சை நல்லா இழுங்க... இன்னும்... இன்னும்!"

அளவுநாடாவைப் பிடித்திருந்த தேவகனிக்குக் கூச்சமாக இருந்தது. எத்தனையோ நெஞ்சை அளந்த நர்ஸ்தான் அவள். ஆனால் இந்தத் தீயணைப்பு வீரன் ஜெபசீலனின் கண்கள்... அப்பப்பா! புகையில் சிவந்து கிடந்தும் அவற்றில் எத்தனை குறும்பு!

வழக்கமாக வருகிற நர்ஸ் லீவு போட்டதால், தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் வருடாந்தர உடல் தகுதிச் சோதனைக்கு டாக்டருடன் அவள் வந்திருந்தாள். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் சிஸ்டர், மூச்சப் பிடிக்கச் சொன்னது என்னைய... நீங்க ஏன் பிடிச்சிக்கிட்டு நிக்கிய?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாடாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. இரண்டு அங்குலம் விரிய வேண்டிய நெஞ்சு ஓர் அங்குலம்கூட விரியவில்லை. அடுத்த நொடி இருமல் அவனைப் பிடித்து உலுக்கியது. துண்டில் துப்பியது கன்னங்கரேலென்றிருந்தது.

"போன வாரம் ஹார்பர் பக்கம் பஞ்சுக் கிடங்கு எரிஞ்சுதுல்லா... ரெண்டு நாள் உள்ளயே கெடந்தோம்."

"முகமூடி போடலியா?"

"அது அலமாரியில பூட்டிக் கெடக்கு. பெரிய அதிகாரிமாரு வந்தா தொடச்சு வெளிய வைப்பாவ. கீறல் விழுந்தா மெமோ. எங்களுக்கு ஈரத்துண்டுதான்." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டுன்னு எழுதிருங்க சிஸ்டர். இல்லாட்டி லாயக்கில்லன்னு வீட்டுக்கு அனுப்பிருவாவ."

தேவகனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவர் சொத்து எரிந்தால் உள்ளே பாய்வதற்கு இவன் வேண்டும். இவன் நெஞ்சைவிட அலமாரியில் தூங்கும் ரப்பர் முகமூடி உசத்தியா? பொய் எழுதினால் அடுத்த தீயில் இவன் உயிர் போகும். உண்மையை எழுதினால் வேலை போகும்...

எழுதினாள். 'விரிவு முக்கால் அங்குலம். முகமூடி இல்லாமல் புகையில் வேலை செய்ததால் வந்த நோய்.'

"என் வயித்துல அடிச்சிட்டியளே!" ஜெபசீலன் சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அவள் எழுதியதை வாங்கிப் படித்த நிலைய அதிகாரி சிரித்தார். "பீடி குடிச்சிக் கெட்டிருப்பான். அப்படி மாத்தி எழுதும்மா."

"மாட்டேன் சார்! அந்த அலமாரியத் தொறந்து காட்டுங்க! பூட்டி வைக்கதுக்கா அரசாங்கம் வாங்கித் தந்துது?"

"முகமூடி தரலன்னு இங்க எவனாவது சொல்லுவானா?"

சோதனைக்கு வரிசையில் நின்ற மற்ற வீரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லுதேன் சார்."

வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான் ஜெபசீலன்.

"வேலை வேண்டாமாலே?"

"வேணும் சார். உசுரும் வேணும். நான் பீடியத் தொட்டதில்ல. முகமூடியத் தொட நீங்க விட்டதில்ல!"

டாக்டர் எழுந்து வந்தார். தேவகனி எழுதியதில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அதிகாரி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

தாழ்வாரத்தில் தேவகனி அவனிடம் கேட்டாள். "கோவிச்சுட்டுப் போனவரு... ஏன் திரும்பி வந்திய?"

"வருஷா வருஷம் அளக்காவ. எனக்காவ ஒருத்தரும் கோவப்பட்டதில்ல. உங்க சத்தம் மழையையும் தாண்டிக் கேட்டுது..." தலையைக் குனிந்துகொண்டான். "வேலை நிக்குமோ, போவுமோ... இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் முகம் சிவந்தது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

"எங்க ஊரு நாசரேத்துக்கு வந்து அப்பாட்ட கேளுங்க. அதுக்கு முன்னால நாளைக்கே ஆஸ்பத்திரியில வந்து படுக்கணும்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு நீங்க ரொம்ப நாளைக்கு வேணும்..."