யார் மேலும் பழியில்லை

குழந்தை கண் விழிக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். விழித்ததும்தான் அது வரும். தலை சட்டென்று முன்னால் மடியும். யாரையோ அணைக்கப் போவதுபோலக் கைகள் இரண்டும் விரியும். ஒரு கணம் விறைத்துத் தளர்ந்து, மறுபடியும் அதேபோல… ஓய்ந்ததும் வீறிட்டு அழும். போன மாதம்வரை முகம் பார்த்துச் சிரித்த பெண், இப்போது அம்மாவைத் தாண்டி எங்கோ பார்த்தாள்.

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலில் நின்றான்.

"நல்லா பாரு… நீ தூங்கி வழிஞ்சதுக்குப் புள்ள அனுபவிக்குது."

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். சுவரோரம் நின்ற நாத்தனாரின் முகம் வெளுத்தது.

குழந்தை கட்டிலிலிருந்து உருண்ட அன்று பக்கத்தில் படுத்திருந்தவள் அந்த நாத்தனார்தான். புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியோடு வந்தவள். அண்ணனோ முன்கோபி, தெரிந்தால் வெளியே போ என்பான். 'நான்தான் அசந்துட்டேன்' என்று இவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். குழந்தைக்கு ஒரு வீக்கம்கூட இல்லை. இரண்டு ஏச்சோடு போய்விடும் என்று நினைத்தாள். பின்னாலேயே வலிப்பு வரும் என்று யார் கண்டார்கள்? லேத் பட்டறையிலிருந்து வந்தால் கணவன் அவளிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

தெருமுனை டாக்டர் வாயு என்று சொட்டு மருந்து கொடுத்தார். அது கேட்காமல் போகவே மூவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிஞ்சுத் தலையெங்கும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். இது கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒருவகை வலிப்பு, மூளையில் ஓரிடம் சரியாக உருவாகவில்லை என்றாள் டாக்டரம்மா. மருந்தில் வலிப்பு அடங்கலாம். உட்காருவாளா, பேசுவாளா என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

"கீழ விழுந்ததாலதானே?" என்றான் கணவன்.

"இல்லங்க. அடிபட்ட தடயமே இல்ல. வயித்துல இருக்கும்போதே ஆனது. இதுல யார் தப்பும் இல்ல."

வெளியே வந்ததும் நாத்தனார் உடைந்துபோனாள்.

"அண்ணா… அன்னிக்கு அண்ணி சமையக்கட்டுல இருந்தாங்க. கண்ணசந்தது நான். நீ என்னைத் துரத்திடுவேன்னுதான் அவங்க பழிய வாங்கிக்கிட்டாங்க."

அவன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்னென்ன பேசிட்டேன்… ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"சொல்லியிருந்தா அத்தனையும் அவ மேல விழுந்திருக்கும். எனக்காவது நீங்க இருக்கீங்க. அவளுக்கு யாரு?"

நாத்தனார் அவள் தோளில் விழுந்து விம்மினாள். அவளும் அணைத்துக்கொண்டாள். ஆனால் மனசு லேசாகவில்லை. பழி இருந்தவரை ஒரு காரணமாவது இருந்தது. இப்போது கோபப்படக்கூட ஆளில்லை.

கணவன் கை நீட்டிக் குழந்தையை வாங்கினான். அந்த அசைவில் அது விழித்தது. தலை மடிந்தது, கைகள் விரிந்தன. அவன் பதறி இறுக்கிப் பிடித்தான்.

"இறுக்காதீங்க. தலைக்குக் கை கொடுத்து வச்சிருங்க. தானா நிக்கும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யட்டும்?"

அவள் அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் செய்ய முடியாதுங்க… கூட இருக்கலாம்."