ரோட் ஐலண்டின் ஏழு ஓட்டுகள்

அக்ஸாவுக்கு இட்லி இறங்கவில்லை. ஒரு விள்ளல் வாயில் போட்டாள். அதையே மென்றுகொண்டிருந்தாள்.

அம்மா அருள்செல்வி கொண்டை போட்டுக்கொண்டே அறையிலிருந்து வந்தார். அவர் பர் துபாயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஏழு மணிக்கு டூட்டி.

“என்ன மக்ளே, இன்னைக்குப் பரீட்சையா?”

“இல்லம்மா, தேர்தல்.”

“தேர்தலா? இந்த ஊர்லயா?”

“அமெரிக்காவில. அதையே எங்க கிளாஸ்லயும் நடத்துறோம். ரோட் ஐலண்டுக்கு நான்தான் தேர்தல் அதிகாரி.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “அதிகாரி வெறும் வயித்தோட போனா தலை சுத்தி விழுவா. தின்னு, பஸ் வந்துரும்.”

அக்ஸா பாதி இட்லியைத் தின்றாள். மீதியை அம்மா பார்க்காத நேரத்தில் டிபன் பாக்ஸுக்குள் வைத்தாள்.

அது 2008ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். அமெரிக்காவில் அன்றுதான் அதிபர் தேர்தல். ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் சங்கீதா மிஸ், “படிச்சா மறந்துடுவீங்க. நடத்திப் பார்த்தா மறக்க மாட்டீங்க” என்று சொல்லி, வகுப்பையே ஒரு குட்டி அமெரிக்காவாக ஆக்கிவிட்டார்.

முப்பத்தாறு பேரையும் நான்கு மாநிலங்களாகப் பிரித்தார். கலிஃபோர்னியாவுக்குப் பதினொரு பேர், டெக்சாஸுக்குப் பத்துப் பேர், ஒஹாயோவுக்கு எட்டுப் பேர். மிச்சமிருந்த ஏழு பேர் ரோட் ஐலண்ட். கடைசி வரிசையில், ஏசி சொட்டும் மூலையில் அவர்களுக்கு இடம். சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்த மாநிலத்துக்குள் அதன் பெயரை எழுதக்கூட இடமில்லை. மிஸ் பெயரைக் கடலில் எழுதி, அங்கிருந்து ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்.

ஒரு மாநிலத்தில் எந்தக் கட்சிக்கு அதிக ஓட்டு விழுகிறதோ, அந்த மாநிலத்தின் மொத்தப் புள்ளியும் அந்தக் கட்சிக்குத்தான். கலிஃபோர்னியாவுக்கு ஐம்பத்தைந்து புள்ளி. டெக்சாஸுக்கு முப்பத்து நான்கு. ஒஹாயோவுக்கு இருபது. ரோட் ஐலண்டுக்கு வெறும் நான்கு.

நிஜ அமெரிக்காவில் சொல்வதுபோலவே கட்சிகளுக்கு நிறம்தான் பெயர். நீலக் கட்சி ஜெயித்தால், மாதம் முழுவதும் இடைவேளை பத்து நிமிடம் கூடும். சிவப்புக் கட்சி ஜெயித்தால், மாதம் முழுவதும் இடைவேளையில் நூலகம் திறந்திருக்கும். இதற்குத் தலைமை ஆசிரியரிடம் மிஸ் உண்மையாகவே அனுமதி வாங்கியிருந்தார். அதனால் இது வெறும் விளையாட்டு இல்லை.

“நம்ம மாநிலம் எப்பவும் நீலம்தான்” என்றாள் ராதிகா. அவள் அக்ஸாவின் உயிர்த்தோழி. ரோட் ஐலண்டில் நீலக் கட்சிக்கு ஏஜென்ட்டும் அவள்தான். “நிஜ ரோட் ஐலண்ட் போன அஞ்சு தேர்தல்லயும் நீலத்துக்குத்தான் போட்டிருக்கு. எதுக்குச் சீட்டு, பெட்டி? கையைத் தூக்குவோம், கலாஸ், வேலை முடிஞ்சுது!”

“சீட்டுலதான் போடணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க” என்றாள் அக்ஸா.

“போட்டா மட்டும் என்ன மாறப்போகுது?”

அக்ஸாவும் அப்படித்தான் நினைத்தாள். அவளுக்கும் நீலம்தான் பிடிக்கும். வெயில் தணிந்து, வெளியே ஓடியாட முடிகிற மாதம் ஆயிற்றே! பத்து நிமிடம் கூடக் கிடைத்தால் இன்னொரு ஆட்டம் த்ரோபால் ஆடலாம்.

மூன்றாவது பீரியடில் பெரிய மாநிலங்கள் ஓட்டுப் போட்டன. கலிஃபோர்னியா நீலம் என்று மிஸ் பலகையில் எழுதினார். ராதிகா கை தட்டினாள். டெக்சாஸ் சிவப்பு. எதிர்பார்த்ததுதான். ஒஹாயோவும் சிவப்பு.

மிஸ் கூட்டல் போட்டார். நீலம் ஐம்பத்தைந்து. சிவப்பு ஐம்பத்து நான்கு.

இருபத்தொன்பது தலைகளும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பின.

“ரோட் ஐலண்ட் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் வெற்றி” என்றார் மிஸ். மணி அடித்தது. “இடைவேளை முடிஞ்சதும் அவங்க ஓட்டு. ஒரு சீட்டுல நிறத்தோட பேரை எழுதிப் பெட்டியில போடணும். அக்ஸா, தயாரா இரு.”

அக்ஸா தலையாட்டினாள்.

அதுவரை மூலைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது மூலையில்தான் நின்றார்கள். டெக்சாஸிலிருந்து இரண்டு பேர் சாக்லேட்டோடு வந்தார்கள். “சிவப்புக்குப் போட்டா இது உனக்கு” என்று ஜெனோவிடம் நீட்டினார்கள். ஜெனோ சாக்லேட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, “யோசிக்கிறேன்” என்றான்.

ராதிகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க! ஒருத்தராவது மாத்திப் போட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும். எண்ணும்போது ஏஜென்ட் நான் பக்கத்துல இருப்பேன். ஏழு பேர் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. ஜெனோ எழுத்து கோழி கிண்டின மாதிரி. நிலோஃபர் எழுத்து குண்டு குண்டா இருக்கும். சித்தீக் எழுத்து இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். அப்புறம் யாரோடயும் நான் பேச மாட்டேன். விளையாட்டுலயும் சேர்த்துக்க மாட்டேன்!”

ராதிகா விளையாட்டில் சேர்க்காவிட்டால், அந்த வகுப்பில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள்.

அக்ஸா தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். குளிர்நீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் முகம்மது சித்தீக் உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கீழக்கரையிலிருந்து வந்து சேர்ந்தவன். எல்லா இடைவேளையிலும் அவன் அந்தப் படியில்தான் இருப்பான். மடியில் ஒரு புத்தகம் இருக்கும். ஒரே புத்தகம்தான். அட்டையின் மூலைகள் சுருண்டே போய்விட்டன.

“அக்ஸா, ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“சிவப்புக்குப் போட்டா தப்பா?”

அக்ஸா பாட்டிலை மூடினாள். “தப்பில்ல. ஏன் கேக்குறே?”

“நூலகத்தைத் திறந்தா வேற புத்தகம் எடுக்கலாம்ல” என்றான் அவன். பிறகு அவசரமாக, “பரவாயில்ல, நான் நீலத்துக்கே போட்டுடுறேன். ராதிகா கண்டுபிடிச்சிடுவா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். புத்தகம் திறந்திருந்தது. ஆனால் அவன் கண்கள் ஒரு வரியிலும் நகரவில்லை.

அக்ஸா வகுப்புக்கு மெதுவாக நடந்தாள். மணி அடிக்க இன்னும் எட்டு நிமிடம்.

எதுவும் செய்யாமல் இருந்துவிடலாம். நீலம் ஜெயிக்கும். த்ரோபால் கிடைக்கும். ராதிகாவும் தோழியாகவே இருப்பாள். எல்லாமே நல்லதுதான். ஆனால் சித்தீக் நீலம் என்று எழுதினால், அது சித்தீக்கின் ஓட்டு இல்லையே? ராதிகாவுக்கு இரண்டு ஓட்டு என்றல்லவா ஆகும்? அதைத் தெரிந்துகொண்டே எண்ணிச் சொல்கிறவள் என்ன அதிகாரி?

மிஸ்ஸிடம் சொல்லலாமா? சொன்னால் மிஸ் ராதிகாவைத் திட்டுவார். யார் சொன்னது என்று ராதிகா தேடுவாள். கடைசியில் சித்தீக் உட்காரும் அந்தப் படியில்தான் வந்து நிற்பாள்.

கையெழுத்துதான் காட்டிக்கொடுக்கிறது. கையெழுத்தே இல்லாவிட்டால்?

அக்ஸா நிமிர்ந்தாள். வகுப்பு அலமாரியின் மேல் கொடி செய்ய வாங்கிய கலர் பேப்பர் மிச்சம் இருந்தது. ஒருபக்கம் பளபளவென்று நிறம். மறுபக்கம் எல்லாம் ஒரே வெள்ளை!

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். அவசரத்தில் முதல் சதுரம் கோணலாகப் போனது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டினாள். ஏழு நீலம், ஏழு சிவப்பு. நிறம் உள்ளே போகும்படி ஒவ்வொன்றையும் நான்காக மடித்துப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

மணி அடித்தது. மிஸ் உள்ளே வந்தார்.

“மிஸ், நாங்க எழுதாம ஓட்டுப் போடலாமா?” அக்ஸாவின் குரல் கீச்சென்று வந்தது. “ஆளுக்கு ஒரு நீலம், ஒரு சிவப்பு. அலமாரிக் கதவுக்குப் பின்னால போய் ரெண்டையும் மடிக்கணும். பிடிச்ச நிறத்தை இந்தக் காலிப் பேரீச்சம்பழப் பெட்டியில போடணும்.”

“மிச்சம் இருக்கிறது?” ராதிகா எழுந்தாள். “அதை எங்கிட்ட காட்டட்டும்!”

“மிச்சத்தை என் டிபன் பையில போடணும். அதுவும் கதவுக்குப் பின்னாலதான் இருக்கும்.”

“எதுக்கு இவ்வளவு கஷ்டம்? நம்ம மாநிலம் எப்பவும்…”

“எப்பவும் நீலம்னா, நீ பயப்படாம இரு” என்றாள் அக்ஸா. ராதிகாவை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்க அதிகாரி யாரு?”

“அக்ஸா” என்றது வகுப்பு.

“அப்ப அவ சொல்றபடி நடத்துங்க.”

ஒவ்வொருவராகக் கதவுக்குப் பின்னால் போனார்கள். ஜெனோ மூன்று நொடியில் வெளியே வந்தான். நிலோஃபர் நிறைய நேரம் எடுத்தாள். சித்தீக் உள்ளே போகும் முன்பு அக்ஸாவை ஒருமுறை பார்த்தான். அவள் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியாகத் தன் ஓட்டையும் போட்டாள். நீலம்தான்.

பிறகு பெட்டியைக் குலுக்கி மேசையில் கவிழ்த்தாள். ஏழு வெள்ளை மடிப்புகள். ராதிகா தோளோடு தோள் உரச வந்து நின்றாள்.

அக்ஸா முதல் மடிப்பைப் பிரித்தாள். “நீலம்.”

“நான் சொல்லல?” என்றாள் ராதிகா.

“நீலம்… சிவப்பு.”

“யாரது?” ராதிகா சட்டென்று திரும்பினாள். மற்ற ஐந்து பேரும் ஐந்து திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீலம். சிவப்பு.”

டெக்சாஸ் பக்கம் சலசலத்தது. அக்ஸா ஆறாவது மடிப்பைப் பிரித்தாள். தூக்கிக் காட்டினாள். சிவப்பு.

மூன்றுக்கு மூன்று. மேசையில் ஒரே ஒரு மடிப்பு மிச்சம். நான் சும்மா இருந்திருந்தால் இந்நேரம் ஜெயித்திருப்போமே என்று அக்ஸா ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. விரல் வியர்த்ததில் காகிதம் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது.

பிரிந்தது.

“நீலம்!”

கலிஃபோர்னியா குதித்தது. ஜெனோ பெஞ்சைத் தட்டினான். ராதிகா மட்டும் குதிக்கவில்லை. டிபன் பையைக் கவிழ்த்து, மிச்சக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான்கு சிவப்பு, மூன்று நீலம். கணக்கு சரியாக இருந்தது.

“மூணு பேரா?” என்றாள் மெல்ல. “நம்ம பெஞ்சுலயே மூணு பேரா?”

“ரோட் ஐலண்டின் நான்கு புள்ளியும் நீலக் கட்சிக்கு” என்று அறிவித்துவிட்டு மிஸ் பலகையில் எழுதத் திரும்பினார்.

“மிஸ், நாலுக்கு மூணுன்னும் எழுதுங்க” என்றாள் அக்ஸா. “அந்த மூணு பேரும் ஓட்டுப் போட்டிருக்காங்கல்ல?”

மிஸ் அதையும் எழுதினார். சித்தீக் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று என்ற எண்ணை அதற்கு முன் பார்த்திராதவன்போல அப்படிப் பார்த்தான்.

மறுநாள் இடைவேளை பத்து நிமிடம் நீண்டது. அக்ஸா த்ரோபால் கோர்ட்டில் நின்றாள். வராந்தாப் படியில் வழக்கம்போலச் சித்தீக். கொஞ்ச நேரத்தில் நிலோஃபர் கையில் ஒரு புத்தகத்தோடு வந்தாள். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள். அப்புறம் கோழி கிண்டிய கையெழுத்துக்காரன் ஜெனோ, ஒரு படக்கதைப் புத்தகத்தைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தான். சித்தீக் தன் பழைய புத்தகத்தை ஜெனோவிடம் நீட்டினான். ஜெனோ படக்கதையை அவனிடம் கொடுத்தான்.

பந்து பறந்து வந்து அக்ஸாவின் தோளில் மொத்தென்று விழுந்தது.

“அக்ஸா!” ராதிகா கத்தினாள். “ஆட்டத்தைக் கவனிக்காம யாரைப் பார்த்துட்டு நிக்குறே?”

“யாரையும் இல்லையே” என்று சொல்லிப் பந்தைத் திருப்பி வீசினாள் தேர்தல் அதிகாரி.