பதின்மூன்றாவது நட்சத்திரம்

எங்கள் வீட்டு அலமாரியின் தலையில் ஒரு பெரிய துணிப்பை உட்கார்ந்திருந்தது. அதற்குள் பன்னிரண்டு நட்சத்திரங்கள் இருந்தன.

எல்லாம் துணி நட்சத்திரங்கள். அம்மா தைத்தவை.

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். தெருவில் இருப்பவர்களின் துணிகள் எங்கள் வீட்டுக்கு வந்து, சிறியதாகவோ பெரியதாகவோ மாறித் திரும்பிப் போகும். மிச்சம் விழும் துண்டுகளை அம்மா குப்பையில் போட மாட்டாள். "இது தபால்காரர் சட்டை. இது பல் டாக்டர் வீட்டுத் திரைச்சீலை," என்று சொல்லிக்கொண்டே பையில் போடுவாள். அந்தத் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு போர்வை தைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான்கு நட்சத்திரம் அகலம், ஐந்து நட்சத்திரம் நீளம். ஆக மொத்தம் இருபது.

எனக்கு நான்கு வயதாகும்போது தொடங்கினாள். "உன் பிறந்தநாளுக்குத் தயார் பண்ணிடுவேன்," என்றாள். எந்தப் பிறந்தநாள் என்று சொல்லவில்லை. தம்பி பிறந்தான், போர்வை நின்றது. மறுபடி நடந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் மாதம் வந்தது, மறுபடி நின்றது. எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா நோயில் படுத்து, இறந்துபோனாள். பன்னிரண்டாவது நட்சத்திரத்தோடு போர்வை ஒரேயடியாக நின்றுவிட்டது.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தப் பையை யாரும் கீழே இறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உங்க சித்தி வர்றா. தையல் மெஷினை எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன். அந்தப் பையையும்தான்."

வாயருகே கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டேன். "ஏன்பா?"

"ஓடாம கிடந்தா எந்த மெஷினும் கெட்டுப்போகும். ஒரு வருஷமா அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போடல. சித்திகிட்ட இருந்தா ஓடும்."

அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மெஷின்களைப் பற்றி அவர் சொன்னால் மறுத்துப் பேச முடியாது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். அந்தத் தையல் மெஷினைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்.

"அது இங்கயே ஓடினா?" என்று கேட்டேன்.

"யாரு ஓட்டுவா?"

"நான். அம்மா எனக்கு மிதிக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நேரா தைப்பேன்."

"நான் எண்ணெய் போடுவேன்," என்றான் தம்பி.

தம்பிக்கு ஆறு வயது. மூன்று வயதில் சட்டைப் பொத்தானை மூக்குக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவன். அன்றிலிருந்து அவனை நாங்கள் பொத்தான் என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி," என்றார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு நட்சத்திரம் தைச்சுக் காட்டு. அது அம்மா தைச்சதுங்களோட சரியா சேரணும். சேர்ந்தா மெஷின் இங்கயே இருக்கும்."

"சேரலேன்னா?"

"சித்திகிட்ட போகும். அப்புறம் அழக் கூடாது."

"நட்சத்திரம் அழாதுப்பா," என்றான் பொத்தான்.

அடுத்த நாள் பள்ளிவிட்டு வந்ததும், நாற்காலி போட்டு ஏறிப் பையை இறக்கினேன். தூசியில் நாங்கள் இருவரும் மாறி மாறித் தும்மினோம்.

நட்சத்திரங்களைத் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றும் ஒன்பது கட்டங்களால் ஆனது. நடுவில் ஒரு வண்ணச் சதுரம். நான்கு மூலைகளிலும் வெள்ளைச் சதுரங்கள். மீதி நான்கு கட்டங்களிலும் ஒரு வெள்ளை முக்கோணமும் ஒரு வண்ண முக்கோணமும் ஜோடி சேர்ந்திருந்தன. அந்த வண்ண முக்கோணங்கள்தான் நட்சத்திரத்தின் முனைகள்.

பையின் அடியில் இரண்டு அட்டைகள் கிடந்தன. ஒன்று சதுரம், ஒன்று முக்கோணம். செருப்புப் பெட்டியிலிருந்து அம்மா வெட்டியவை. இவற்றைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் வெட்டியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? செவ்வாயும் புதனும் உட்கார்ந்து, பையில் மிச்சம் இருந்த துணி முழுவதையும், எட்டு நட்சத்திரங்களுக்கும் சேர்த்து வெட்டித் தள்ளினேன். அட்டையின் ஓரத்தை ஒட்டி, ஒரு நூலளவுகூடப் பிசகாமல் வெட்டினேன்.

"அக்கா, நீ ரொம்ப நல்லா வெட்டற," என்றான் பொத்தான்.

"தெரியும்," என்றேன்.

வியாழக்கிழமை முக்கோணங்களை ஜோடி சேர்த்துத் தைத்தேன். அவை வெறும் சதுரங்களைவிடக் கொஞ்சம் சிறுத்திருந்தன. என்னவோ துணி சுருங்கிவிட்டது என்று நினைத்து, சதுரங்களின் ஓரங்களையும் கத்தரித்துச் சமமாக்கிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை மாலை நட்சத்திரம் முடிந்தது. தபால்காரர் சட்டையின் காக்கி நடுவில், பல் டாக்டர் வீட்டு மஞ்சள் முனைகளில். அழகாக இருந்தது. அம்மாவின் நட்சத்திரம் ஒன்றின்மேல் அதை வைத்தேன்.

என் நட்சத்திரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு இரண்டு விரல் அகலத்துக்கு அம்மாவின் நட்சத்திரம் எட்டிப் பார்த்தது.

"இது குட்டி போட்டிருக்கு," என்றான் பொத்தான்.

"வாயை மூடு."

"தண்ணி ஊத்தினா வளருமா?"

நான் வெட்டி வைத்திருந்த மற்றத் துண்டுகளைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று தப்பிப்போயிருந்தால் வேறு தைக்கலாம். எட்டையும் வெட்டியாகிவிட்டது. அம்மா ஐந்து வருடம் சேர்த்த துணி, இரண்டே நாளில் என் கையால் குட்டையாகிவிட்டது.

அன்று இரவு பொத்தான் தன் பங்குப் பழத்தை என் தட்டில் வைத்தான். பாதி கடித்த பழம்தான். இருந்தாலும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனதும், அம்மாவின் நட்சத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தேன். இதில் மட்டும் அம்மா என்ன மாயம் செய்தாள்? முன்பக்கம் எவ்வளவு பார்த்தும் புரியவில்லை. திருப்பினேன்.

பின்பக்கம் வேறு ஊர் மாதிரி இருந்தது. எங்கும் நூல், மடிப்பு, பிசிறு. ஒவ்வொரு தையலுக்கும் வெளியே அரை விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. சதுர அட்டையை எடுத்து ஒரு கட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். தையலுக்கும் தையலுக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது.

புரிந்துவிட்டது. அட்டை என்பது தைத்து முடித்த பிறகு வரும் அளவு. வெட்டும்போது சுற்றிலும் அரை விரல் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். தைக்கும்போது அந்த அரை விரல்தான் உள்ளே மடங்கும். நான் விடவே இல்லை.

"தப்பு தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

"அப்ப சரியாயிடுச்சா?"

"இல்லை. தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

என்றாலும் கை சும்மா இருக்கவில்லை. மற்ற நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் எண் போட்டிருந்தாள். பன்னிரண்டு, பதினொன்று, ஏழு, நான்கு. கடைசியாக, ஒன்று என்று எண் போட்ட நட்சத்திரம் வந்தது.

அதன் பின்பக்கத்தில் மட்டும் தையல் கோடுகள் அதிகமாக இருந்தன. ஒன்பது கட்டங்களைச் சுற்றி நான்கு வெள்ளைப் பட்டைகள் ஒட்டுப்போட்டிருந்தன. முன்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையோடு வெள்ளை கலந்து ஒட்டே தெரியவில்லை. ஆனால் மற்ற நட்சத்திரங்களின் முனைகள் ஓரத்தைத் தொட்டன. இதன் முனைகள் தொடவில்லை. உள்ளே, இரண்டு விரல் தள்ளியே நின்றுவிட்டன.

அம்மாவின் முதல் நட்சத்திரமும் குட்டிதான்.

நான் சிரித்த சிரிப்பில் பொத்தான் பயந்துபோனான். "அக்கா, என்ன ஆச்சு உனக்கு?"

"பட்டை வேணும். நாலு பட்டை. வெள்ளைத் துணி எல்லாம் தீர்ந்துபோச்சு. என்ன துணி இருக்கு வீட்டுல?"

பொத்தான் உள்ளே போய், சிவப்புக் கோடு போட்ட ஒரு சட்டையைக் கொண்டுவந்தான். அம்மா அவனுக்குத் தைத்த சட்டை. போட்டால் தொப்புள் தெரியும். அப்படியும் யாருக்கும் கொடுக்க விடாமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தான்.

"இதை வெட்டிக்கோ," என்றான்.

"வெட்டினா திரும்ப வராதுடா."

"போர்வையில இருக்கும்ல. ஆனா இந்தப் பாக்கெட்டை மட்டும் வெட்டாதே. அதுவும் போர்வையில வரணும். நான் ஏதாவது போட்டு வெச்சுக்குவேன்."

"போர்வைக்கு எங்கடா பாக்கெட் இருக்கு?"

"நம்ம போர்வைக்கு இருக்கட்டும்."

"சரி. பின்பக்கம் வெச்சுத் தைக்கிறேன். பொத்தானை மட்டும் போடாதே."

இந்த முறை இரண்டு முறை அளந்தேன். சுற்றிலும் அரை விரல் விட்டேன். பிறகுதான் கத்தரியைத் தொட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் சித்தி ஒரு தள்ளுவண்டியோடு வந்துவிட்டாள். "எங்கே மெஷின்? என் வீட்டுல ஜன்னல் ஓரமா இடம் ஒதுக்கி வெச்சிருக்கேன், அத்தான்," என்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் அப்பா. பணிமனையில் வைத்திருக்கும் இரும்பு அளவுகோலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

பதின்மூன்று நட்சத்திரங்களையும் தரையில் வரிசையாக வைத்தேன். அப்பா மண்டியிட்டு, என்னுடையதை நீளத்தில் அளந்தார், அகலத்தில் அளந்தார், மூலைக்கு மூலை அளந்தார்.

"அளவு சரியா இருக்கு," என்றார். "ஆனா இந்தச் சிவப்புக் கோடு அம்மாவோடதுல இல்லையே."

"நான் தப்பா வெட்டிட்டேன்பா. எட்டுக்கும் சேர்த்துத் தப்பா வெட்டிட்டேன். அதனாலதான் பட்டை வெச்சேன். அம்மாவும் வெச்சிருக்காங்க. இதைப் பாருங்க." முதல் நட்சத்திரத்தைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன்.

அப்பா அந்தப் பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பொத்தான் சதுர அட்டையைத் தட்டாக வைத்து எதையோ பரிமாறி விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று நின்று, அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். "இங்க ஏதோ எழுதியிருக்கு." எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்த நேரம் அது. எங்கே எழுத்தைக் கண்டாலும் விட மாட்டான்.

"சுற்... றிலும் அரை... விரல் விட்டு... வெட்டு. முதல் தடவை மாதிரி... மறந்து... தொலைக்... காதே."

பென்சில் எழுத்து. செருப்புக் கம்பெனி அச்சடித்த பக்கத்தில், மங்கலாக. அந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

"அக்கா, அம்மா யாரைத் திட்டறாங்க?" என்றான் பொத்தான்.

"தன்னைத்தாண்டா," என்றார் அப்பா. அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது, ஆனால் சிரிப்புதான். சித்தியும் சிரித்தாள். "எங்க அக்கா சின்ன வயசுலயும் இப்படித்தான். கண்ணாடி முன்னால நின்னு தன்னையே திட்டிக்குவா," என்றாள்.

அப்பா எழுந்தார். சுவரைப் பார்க்காமல் நேராகத் தையல் மெஷினிடம் போனார். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

"பொத்தான், எண்ணெய் டப்பா எங்கே?"

"அப்ப என் ஜன்னல் ஓரம்?" என்றாள் சித்தி.

"பூந்தொட்டி வெச்சுக்கோ," என்றார் அப்பா. "ஓடற மெஷினை யாராவது குடுப்பாங்களா?"

சித்தி வெறும் தள்ளுவண்டியோடு திரும்பவில்லை. பொத்தானை அதில் உட்காரவைத்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனாள். நான் வீட்டுக்குள் வந்தபோது, அப்பா தன் பழைய நீலப் பணிச் சட்டைகள் இரண்டை மடித்து மெஷின்மேல் வைத்திருந்தார். மீதி ஏழுக்கும் பட்டை வேண்டுமே.

போர்வை முடிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதன் பிறகு எத்தனையோ வருடம் அப்பா அதைத்தான் போர்த்திக்கொண்டார். இப்போது அவரும் இல்லை. போர்வை என் கட்டிலில் இருக்கிறது, பின்பக்கம் சிவப்புக் கோடு போட்ட பாக்கெட்டோடு. பாக்கெட்டுக்குள் அந்த அட்டை இருக்கிறது.

அட்டையில் அம்மா எழுதியதற்குக் கீழே, என் பத்து வயதுக் கையெழுத்தில் ஒரு வரி: "நானும் மறந்துவிட்டேன்." அதற்கும் கீழே, கோணல் மாணலாக, இன்னொரு வரி: "பாக்கெட் என்னுடையது."