தொட்டிக்குள் அடங்காத மண்

ஹீட்டரை அணைத்து ஒரு மணி நேரமாகியும் கண்ணாடித் தொட்டிக்குள் மண் அடங்கவில்லை.

சுயம்புலிங்கம் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர். அடியில் சூடேறிய தண்ணீர் மேலே போவதும், மேலே குளிர்ந்தது கீழே இறங்குவதும், சூடு கூடக்கூட அந்த ஓட்டம் தாறுமாறாகச் சுழல்வதும்தான் அவருடைய ஆராய்ச்சி; வீட்டு முன்னறையிலேயே தொட்டி வைத்திருந்தார். ஓட்டம் கண்ணுக்குத் தெரிய அலுமினியப் பொடி போடவேண்டும். மதுரையிலிருந்து அது வந்து சேரவில்லை. பொறுக்கமாட்டாத மனுஷன், காய்ச்சலில் கிடந்த மகளின் தலைமாட்டுக் கிண்ணத்தை எடுத்துவந்து தொட்டியில் கவிழ்த்துவிட்டார். கோமதியம்மன் கோயில் புற்றுமண். மனைவி சீனியம்மாள் தண்ணீரில் குழைத்து, மூன்று நாளாகப் பிள்ளையின் நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுத் தொட்டுப் பூசியதில் மிச்சம்.

வீடு முழுக்க ஈரமண் வாடை. தெருவில் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. சூடு இல்லாமல் ஓட்டம் இல்லை என்று பதினாறு வருடமாகப் பாடம் நடத்துகிறார். ஆனால் மண் மேலே போனது, கொஞ்சம் நின்றது, கீழே இறங்கியது. தொட்டிக்குள் நின்ற தெர்மாமீட்டர் முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ் காட்டியது. காலையில் இதே தெர்மாமீட்டரை மகள் தங்கத்தின் கக்கத்தில் வைத்தபோதும் முப்பத்தொன்பதரைதான்.

"ஏங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு!" உள்ளறையிலிருந்து சீனியம்மாள் கூப்பிட்டாள். "ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. அம்மன் கண்ணத் தொறந்துட்டா."

ஓடிப்போய்ப் பாதத்தைத் தொட்டார். அது காய்ச்சல் விட்ட குளிர்ச்சி இல்லை. தண்ணீர்ப் பானையின் அடியைத் தொட்டதுபோல இருந்தது. பிள்ளையின் நெஞ்சு மேலே போனது, கொஞ்சம் நின்றது, கீழே இறங்கியது.

தொட்டியிடம் ஓடினார்.

தெர்மாமீட்டரில் முப்பத்தெட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தேழு. ஓட்டம் தளர்ந்தது. உள்ளே மூச்சுச் சத்தமும் தளர்ந்தது.

"ஏங்க, பிள்ள மூச்சு ஒரு மாதிரி வருதுங்க!"

ஸ்விட்சைத் தட்டினார். தொட்டியின் அடித்தகடு சூடேறியது. மண் திமிறிக்கொண்டு மேலே கிளம்பியது.

"எப்பா, தண்ணி தாங்க." தங்கத்தின் குரல்.

"என்ன செஞ்சீங்க?" என்றாள் சீனியம்மாள்.

"ஒண்ணுமில்லட்டி. நீ பிள்ளகிட்டயே இரி."

அவருக்கு அழுகை வந்தது. இனி இந்த ஹீட்டரை அணைக்கமாட்டார். எத்தனை வருடமானாலும் சரி. ஸ்விட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

தெருவில் தறிகள் நின்றன.

ஒன்றல்ல. எல்லாத் தறியும். ஒரே நேரத்தில்.

கரண்ட் போய்விட்டது.

ஸ்விட்சைத் தட்டினார். மறுபடி தட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து அழுத்தினார், தன் உடம்புச் சூடாவது ஏறட்டும் என்று.

முப்பத்தாறு.

மண் மேலே போனது. நின்றது.

இறங்கியது.

அடித்தகட்டில் மெல்லப் படிய ஆரம்பித்தது. தெரு சத்தமே இல்லாமல் கிடக்க, உள்ளறையிலிருந்து சீனியம்மாளின் குரல் மட்டும் கேட்டது.

"ஏட்டி... தங்கம்... ஏட்டி..."